ரேப்பிட் டி.என்.ஏ. கருவி 2 மணி நேரத்துக்குள் அடையாளம் சொல்வது எப்படி? எல்லாத் தடயத்துக்கும் ஒத்துவருமா?

ஆய்வகத்தில் பல மேசைகளில் நடக்கும் வேலை ஒரே சிப்புக்குள் நடக்கிறது, அவ்வளவுதான். கன்னத்தின் உட்புறம் தேய்த்த பஞ்சுக்குச்சியைச் செருகினால் செல்லை உடைப்பது, பி.சி.ஆர். என்ற நகலெடுக்கும் முறையில் டி.என்.ஏ. துண்டுகளைப் பெருக்குவது, அவற்றை மின்புலத்தில் நீளவாரியாகப் பிரித்து லேசரால் படிப்பது எல்லாம் தானாக முடியும். சுமார் 90 நிமிடம்.

2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த காட்டுத்தீயில் 85 பேர் இறந்தார்கள். கருகிய உடல்களின் தசை, எலும்பு மாதிரிகளை இதில் ஓட்டி, உறவினர்களின் கன்ன மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள்.

சறுக்குவது குற்றம் நடந்த இடத்துத் தடயங்களில். கதவுக் கைப்பிடியில் சொற்ப டி.என்.ஏ.தான் இருக்கும், அதுவும் இரண்டு மூன்று பேருடையது கலந்து. அந்தக் கலவையைப் பிரிக்க அனுபவமுள்ள ஆய்வாளர் வேண்டும். கருவியில் ஓட்டிய குச்சியும் பெரும்பாலும் போனதுதான், மறுபடி சோதிக்க உதவாது. முதலிலேயே இரண்டு குச்சி எடுத்து, ஒன்றை ஆய்வகத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.