போக 14 மணி நேரம், வர பன்னிரண்டரை: ஏன் இந்த வித்தியாசம்?

கேள்வி: மருமகளுக்குப் பிரசவம் பார்க்க ஆடி மாதம் திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாக நியூயார்க் போகிறேன். துபாயிலிருந்து போக 14 மணி நேரம், திரும்பி வர பன்னிரண்டரை என்கிறான் மகன். தூரம் ஒன்றுதானே? டிக்கெட்டில் காலை 8 மணிக்குக் கிளம்பி மதியம் 2 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. அது வேறு குழப்பம்.
- ஒரு வாசகி, திங்கள்நகர்

பதில்: தூரம் ஒன்றுதான் அம்மா, சுமார் 11,000 கிலோமீட்டர். வித்தியாசம் காற்றில் இருக்கிறது.

தோவாளையில் குடியிருந்து ஆரல்வாய்மொழியில் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். காலையில் கிழக்கே 20 நிமிடத்தில் பள்ளிக்கூடம் போய்விடுவேன். சாயங்காலம் அதே ரோட்டில் மேற்கே திரும்பினால் மிதிக்க மிதிக்க சைக்கிள் நகராது. சில நாள் இறங்கி உருட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். 40 நிமிடம் ஆகும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டதே அந்தக் காற்றை நம்பித்தான்.

மேலேயும் அப்படித்தான். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், நீங்கள் போகும் வடக்குப் பாதையில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகக் காற்று ஓடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசுவது சாதாரணம். குளிர்காலத்தில் சில நாள் 300-ஐயும் தாண்டும். விமானத்தின் வேகம் 900. வழி முழுக்கச் சராசரியாக 70 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது 830 தான் மிஞ்சும். 13 மணி 15 நிமிடம். வரும்போது 970, 11 மணி 20 நிமிடம். ஓடுபாதையில் ஊர்வது, ஏறி இறங்குவது எல்லாம் சேர்த்தால் மகன் சொன்ன கணக்கு வந்துவிடும்.

வடக்குப் பாதை என்றேன் அல்லவா, தட்டையான படத்தைப் பார்த்தால் அது புரியாது. என் மேஜையில் 5 அங்குல பூமி உருண்டை இருக்கிறது. அதன் சுற்றளவு 40 சென்டிமீட்டர், பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். அதாவது ஒரு சென்டிமீட்டர் நூலுக்கு 1,000 கிலோமீட்டர். துபாயில் நூலை வைத்து நியூயார்க் வரை இறுக்கிப் பிடித்தேன். வட ஐரோப்பா வரை ஏறி, அட்லாண்டிக்கைத் தாண்டி இறங்கியது. அளந்தால் 11 சென்டிமீட்டர். பேரப்பிள்ளை வளர்ந்ததும் செய்து காட்டுங்கள், இதைவிட நல்ல பூகோளப் பாடம் எனக்குத் தெரியாது.

அப்புறம் அந்த டிக்கெட். ஆடியில் நியூயார்க் கடிகாரம் துபாய்க்கு 8 மணி நேரம் பின்னால். நீங்கள் இறங்கும்போது துபாயில் இரவு 10. ஆறு மணி நேரப் பயணம் என்று நினைத்து ஏறிவிடாதீர்கள்.

வீட்டிலிருந்து கணக்குப் போட்டால் இன்னும் கூடும். விமான நிலையத்துக்குக் காரில் 2 மணி நேரம், அங்கே 3 மணி நேரம் முன்னதாக, துபாய்க்கு 4, அங்கே காத்திருப்பு ஒரு 3 என்று வையுங்கள், பிறகு 14. மொத்தம் 26. என் மனைவி ஒருமுறை சுகர் மாத்திரையைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு வழியெல்லாம் தவித்துப்போனாள். மாத்திரை, மருந்துச் சீட்டு இரண்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் வீங்கும். அதற்கு நடைபாதை ஓர சீட்டாகப் போடச் சொல்லி மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.