முதுகில் மரப்பு ஊசி போட்டதும் பிரஷர் ஏன் இறங்குகிறது? முழு மயக்கத்திலும் அப்படித்தானா?

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட சில நிமிடங்களில் "தலை சுத்துது, குமட்டுது" என்று பலர் சொல்வார்கள். மருந்து கால்களை மட்டும் மரக்கச் செய்வதில்லை. ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பரிவு நரம்புகளையும் சேர்த்தே அடைத்துவிடுகிறது. குழாய்கள் தளர்ந்து, ரத்தம் கால்பக்கம் தேங்க, பிரஷர் சரிகிறது. கால்கள் கதகதப்பாவதும் இதனால்தான். மரப்பு மார்பின் மேல்பகுதி வரை ஏறினால் இதயத்தை முடுக்கும் நரம்புகளும் அடங்கிவிடும்; துடிப்பை மட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்கி நாடித்துடிப்பு குறையும். பிரஷரை ஏற்றும் ஃபினைலெஃப்ரின், எஃபிட்ரின், துடிப்பை ஏற்றும் அட்ரோபின் எல்லாம் பக்கத்திலேயே தயாராக இருப்பது இதற்குத்தான்.

முழு மயக்கத்தில் எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. புரொபோஃபால் பிரஷரை இறக்கும். கெட்டமின் நேர்மாறு: பரிவு நரம்புகளைத் தூண்டி பிரஷரையும் துடிப்பையும் ஏற்றும். விபத்தில் ரத்தம் இழந்தவர்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். ஆனால் ஏற்கெனவே சோர்ந்து போன உடலில் அதுவும் பிரஷரை இறக்கிக் காலை வாரலாம்.