அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அம்மா

திருப்பூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

“மகளுக்கு பிளஸ் டூவில் நல்ல மார்க். சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். இவளோ விமானத்திலிருந்து பாராசூட்டில் பெட்டி போடுகிற வேலைக்குத்தான் படிப்பேன் என்கிறாள். மொட்டை மாடியிலிருந்து சேலைத் துணியைப் பாராசூட்டாகக் கட்டி டிபன் பாக்ஸைப் போட்டுப் போட்டே என் சேலை இரண்டு போயிற்று” என்று எழுதியிருந்தீர்கள். கூடவே அவளுடைய நோட்டில் ஒரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தைவிட அந்தப் பக்கத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

14 தடவை போட்டிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் தேதி, எடை, காற்று எப்படி, துணி எங்கே கிழிந்தது என்று குறிப்பு. ஒன்பதாவது தடவைக்கு எதிரே இப்படி இருக்கிறது: “நடுவில் கிழியவில்லை. கயிறு கட்டிய மூலையில் தையல் விட்டுவிட்டது. அம்மா பார்ட்டாக் அடித்துக் கொடுத்தார்கள்.” பார்ட்டாக் என்பது இழுவை விழும் இடத்தில் நெருக்கமாகப் போடுகிற தையல். அதற்கப்புறம் ஐந்து தடவை அதே துணி தாங்கியிருக்கிறது. ஒரு பெட்டியை ஒரே ஒரு தடவை பத்திரமாக இறக்கிப் பார்க்க நிறையப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். அதே துணியும் அதே பெட்டியும் மறுபடி உழைக்க வேண்டும் என்று கணக்கு வைக்கிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்படி ஒரு துறை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஆக்ராவில் டிஆர்டிஓ என்ற மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வுக்கூடம் ஒன்று, ஏடிஆர்டிஇ என்று பெயர், இதற்காகவே இயங்குகிறது. அங்கே உருவான பி-7 என்ற அமைப்பு, 7 டன் வரையுள்ள தளவாடத்தை ஐஎல்-76 சரக்கு விமானத்திலிருந்து இறக்கும். பின்கதவு திறந்ததும் சின்ன பாராசூட் ஒன்று வெளியே போய், சரக்கு கட்டியிருக்கும் மேடையை இழுத்தெடுக்கும். அடுத்தடுத்த பாராசூட்டுகள் வேகத்தை அடக்கும். கடைசியில் விரிகிற 5 பெரிய பாராசூட்டுகள்தான் சுமையைத் தரைவரை தாங்கிக்கொண்டு வரும். 2021 டிசம்பரில் ஆக்ராவுக்குப் பக்கத்தில் மால்புராவில் இன்னொன்றைச் சோதித்தார்கள். 500 கிலோ வரை சுமந்துகொண்டு, ஜிபிஎஸ் பார்த்துத் தானே திரும்பித் திரும்பிக் குறித்த இடத்துக்கு வருகிற வகை அது.

போர்த் தளவாடம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் சுமார் 15,000 அடி உயர மலைப்பகுதியில், அவசர சிகிச்சைக்கான கனசதுர வடிவ மருத்துவமனைப் பெட்டியை விமானப்படை சி-130ஜே விமானத்திலிருந்து இறக்கியது. மனிதரை விண்வெளிக்கு அனுப்புவதற்கான ககன்யான் விண்கலம் திரும்பி வரும்போது விரிய வேண்டிய பாராசூட்டுகளை 2022 நவம்பரில் ஜான்சி அருகே பபீனாவில் சோதித்ததும் ஐஎல்-76 விமானத்திலிருந்துதான். 5 டன் எடையை இரண்டரை கிலோமீட்டர் உயரத்தில் விட்டார்கள். மூன்று முதன்மை பாராசூட்டுகளில் ஒன்று விரியாமல் போனால் என்ன ஆகும் என்று பார்ப்பதே அந்தச் சோதனை.

இனி உங்கள் மகள் கவனிக்க வேண்டிய இடம். சுமை விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ இயற்பியல் போதும், அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து பெட்டியைக் கைவிட்டதற்குச் சமம். அந்த அடியை எதுவோ ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். தேன்கூடு மாதிரி அறை அறையாகச் செய்த தடித்த காகித அட்டையை அடியில் வைப்பது பழைய வழி. அது நசுங்கி அடியை வாங்கும். ஆனால் ஒரு தடவைதான், அடுத்ததற்குப் புது அட்டை வேண்டும். காற்றுப்பை வைத்தால் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் காற்று சரியான வேகத்தில் வெளியேறாவிட்டால் பெட்டி பந்து மாதிரி எகிறிக் கவிழ்ந்துவிடும். இறங்கிய பிறகும் காற்றடித்தால் பாராசூட் பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும், துணி முள்ளில் மாட்டும், சேறாகும். நைலான் வெயிலில் கிடந்தாலே பலம் குறைகிற சாதி. கடலில் விழுந்ததென்றால் உப்புப் போக அலசி, தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். அப்புறம் மேசையில் விரித்து ஒவ்வொரு தையலாகப் பார்த்து, எத்தனையாவது தடவை என்று பதிந்து, மறுபடி மடிக்க வேண்டும். உங்கள் துணிக் கம்பெனி செக்கிங் டேபிளில் நடப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம், சொல்லுங்கள்.

மறுபயன்பாட்டை முதல் வரைபடத்திலேயே யோசித்தாக வேண்டும். எந்தப் பாகம் உடையலாம், எது உடையக் கூடாது, உடைந்ததைக் கழற்றி மாற்ற எத்தனை நிமிடம், மேடையை எந்த வண்டியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவருவது. வழிகாட்டும் கருவி பொருத்திய வகை விலை கூடியது. போன இடத்திலிருந்து அதை எடுத்துவர முடியாவிட்டால் மறுபயன்பாடு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

சரி, என்ன படிப்பது? சென்னை குரோம்பேட்டை எம்ஐடி கல்லூரியில் ஏரோநாட்டிகல் (விமானப் பொறியியல்) கிடைக்கிற கட்-ஆஃப் என்றால் யோசிக்காமல் எடுங்கள். அது கிடைக்காவிட்டால், பெயரில் மட்டும் ஏரோ இருக்கிற கல்லூரிக்குப் போக வேண்டாம். நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் எடுக்கட்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, விண்ட் டனல் (காற்றை வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் கூடம்) இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்றும் கேளுங்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: டெக்ஸ்டைல் டெக்னாலஜி. சென்னை கிண்டி ஏசி டெக் கல்லூரியிலும் கோவை பிஎஸ்ஜி கல்லூரியிலும் இருக்கிறது. பாராசூட் என்பது முதலில் துணி. பாவும் ஊடையும் எப்படி விசையைப் பங்கிட்டுக்கொள்ளும் என்று தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு உண்டு. உங்கள் மகளின் கை துணியில் பழகிய கை என்பதால், இதை உண்மையாகவே பரிசீலிக்கச் சொல்கிறேன்.

வேலை விஷயத்தில் மறைக்காமல் சொல்கிறேன். இடங்கள் குறைவு. டிஆர்டிஓவில் சயின்டிஸ்ட்-பி என்ற தொடக்கநிலை விஞ்ஞானி பணிக்கு, பொறியியல் பட்டதாரிகள் எழுதும் ‘கேட்’ (GATE) தேர்வு மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வும் வேண்டும். எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பது அந்தந்த அறிவிப்பைப் பொறுத்தது. ராணுவத்தில் சேர வேண்டுமோ என்று பயந்திருந்தீர்கள். வேண்டாம், இது சிவிலியன் வேலை. அங்கே கிடைக்காவிட்டாலும் பாராசூட், கட்டுப்பட்டை, மேடை செய்கிற தொழிற்சாலைகளும், ட்ரோனில் பொருள் கொண்டுபோகிற நிறுவனங்களும் இருக்கின்றன. மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் இரண்டுக்கும் வெளியே வேறு வேலையும் கிடைக்கும். ஏரோநாட்டிகலில் அந்த வசதி குறைவு, அதையும் கணக்கில் வையுங்கள்.

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டே மாணவர் விமானப் போட்டிக் குழுவில் சேரச் சொல்லுங்கள். பறக்கவிடும் சிறிய மாடல் விமானத்திலிருந்து சுமை இறக்குகிற பிரிவுகள் அவற்றில் உண்டு.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். நோட்டு முழுவதையும் கொண்டுவரட்டும். அந்தப் பழைய சேலைத் துணியையும் எடுத்துவாருங்கள், நீங்கள் பார்ட்டாக் அடித்த மூலையை நான் பார்க்க வேண்டும்.