சேது சாலையில் காரோட்டிப் போகிறவர்களுக்கு

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பிள்ளைகளோடு காரில் போகிறோம். சும்மா ஓட்டிக்கொண்டு போகாமல், வழியில் ஏதாவது ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி போக முடியுமா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. சேது என்கிற ராமேஸ்வரத்துக்கு நடந்து போன யாத்ரீகர்களின் வழியையே பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. முதலில் ஒரத்தநாட்டில் வண்டியை நிறுத்துங்கள். பட்டுக்கோட்டை போகிற அவசரத்தில் எல்லோரும் தாண்டிவிடும் ஊர் அது. அங்கே தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் இருக்கிறது. அடித்தளத்தைக் குனிந்து பாருங்கள். குதிரையும் யானையும் இழுக்கிற தேராகச் செதுக்கியிருப்பார்கள்.

கல்லைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அங்கே நடந்த காரியம். 1801-ல் ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்கு, அதாவது தஞ்சையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதிக்கு, எழுதிய கடிதத்தில், தன் சத்திரங்கள் நடக்கிற விதத்தைச் சரபோஜியே சொல்கிறார். வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. நள்ளிரவு வரை பரிமாறுவார்கள். அப்புறம் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியம் பார்த்தார்கள். இதை வீட்டில் சொல்லாதீர்கள், அந்த வாசலில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட 1814-ல் அதே சரபோஜி எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம். காற்று வாங்க அரை மணி நேரம் போதும். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று கடலை ஒட்டியே போகலாம். தேவிபட்டினத்தில் நவக்கிரகங்களாகக் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களை, நவபாஷாணத்தைப் பார்க்காமல் போகாதீர்கள்.

கேள்வி: ஓரியூர் அருளானந்தர் திருத்தலத்துக்குப் போகிறோம். கூடவே எதைப் பார்க்கலாம்? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: ராமநாதபுரம் அரண்மனையை. காரணம் இருக்கிறது. மறவ நாட்டு இளவரசர் தடியத்தேவர், போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த பாதிரியார் அருளானந்தரிடம் (ஜான் டி பிரிட்டோ) ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண். அந்தக் கோபம்தான் அருளானந்தரை 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூர் மண்ணில் வெட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. இன்றும் அந்தச் செம்மண்ணைப் பக்தர்கள் எடுத்துப்போகிறார்கள்.

அதே சேதுபதி வம்சத்தின் அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்ற மண்டபத்துக்குள் நுழைந்தால் சுவரெல்லாம் ஓவியம். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், தொப்பி போட்ட வெள்ளைக்காரர்களை மன்னர் சந்திப்பது என்று 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் கண்முன் நிற்கும். ஓரியூரைப் பார்த்த கையோடு இதையும் பார்த்தால்தான் அந்தக் காலத்து ராமநாதபுரம் முழுசாகப் பிடிபடும். அவசரப்படாமல், மேல் வரிசை ஓவியங்களையும் நிதானமாகப் பாருங்கள்.

கேள்வி: தனுஷ்கோடிக்குக் கார் போகுமா? – ஒரு வாசகர், சேலம்

பதில்: தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை. வழியில் பழைய ஊரின் இடிபாடுகளில் இறங்கிப் பாருங்கள். 1964 டிசம்பர் புயல் அடிக்கும்வரை, ரயிலில் இங்கே வந்து இறங்கிய சனம் கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போனது. மதியத்துக்குள் போய்விடுங்கள். பொழுது சாய்ந்தால் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள்.