புத்தரை உருக்கிய காசு

அன்புள்ள ஐயா,

சீன யாத்திரிகர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 645இல் யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து சுவடிகளோடு திரும்பியபோது தலைநகர் சாங்கானே திரண்டு வரவேற்றது என்று எழுதியிருந்தீர்கள். சரியாக இருநூறு வருடம் கழித்து, 845இல், அதே தாங் வம்சத்துப் பேரரசர் ஒருவர் நாடு முழுக்க பௌத்த மடங்களை இடித்தார் என்று வேறோரிடத்தில் படித்தேன். அதே வம்சம், அதே மதம். நடுவில் என்னதான் ஆயிற்று? அந்த அரசர் தாவோ மத வெறியர் என்பதுதான் காரணமா?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

வெறி இருந்தது, அதை மறுக்க முடியாது. தாங் அரசர்களின் குடும்பப் பெயர் லீ. சீனாவிலேயே பிறந்த தாவோ மதத்தின் மூலவரான லாவோ ட்சுவுக்கும் அதே குடும்பப் பெயர் என்பதால் அவரைத் தங்கள் முன்னோராகவே சொல்லிக்கொண்டார்கள். நீங்கள் கேட்கும் வூசோங் (ஆட்சி 840–846) அதற்கும் மேலே ஒரு படி. சாவில்லாமல் வாழ ஆசைப்பட்டுத் தாவோ மருந்துகளைச் சாப்பிட்டவர். தேவர்களைச் சந்திக்க அரண்மனையில் உயரமான மேடை கட்டினார். மேடை ஏறியும் ஏன் ஒருவரும் சாகாவரம் பெறவில்லை என்று அவர் கேட்க, ‘நாட்டில் புத்த மதமும் இருப்பதால் வழி அடைபட்டிருக்கிறது’ என்று தாவோ குருமார்கள் பதில் சொன்னார்களாம். அப்போது சீனாவில் இருந்த என்னின் என்ற ஜப்பானியத் துறவி இதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் அடிபட்ட தரப்பு. அரண்மனைக்குள் பேசியது அவர் காதுக்கு வதந்தியாகத்தான் வந்திருக்கும். ஆகவே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் இதைக் கேட்க வேண்டும்.

ஆனால் 845ஆம் வருடத்து ஆணைகளைப் படித்தால் வேறு ஒரு ஆள் பேசுவது கேட்கிறது: கணக்குப்பிள்ளை. வெண்கலச் சிலைகளும் மணிகளும் உப்பு-இரும்பு ஆணையம் என்ற அரசு வருவாய் அலுவலகத்துக்கு, காசு அடிக்க. இரும்புச் சிலைகள் அந்தந்த ஊர் அதிகாரிகளுக்கு, உழவுக் கருவி செய்ய. பொன்னும் வெள்ளியும் கருவூலத்துக்கு. வீடுகளில் உலோகச் சிலை வைத்திருப்பவர்கள் ஒரு மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். அப்புறம் ஒரு வரி வருகிறது பாருங்கள்: மண், மரம், கல் சிலைகள் மடத்திலேயே இருக்கட்டும். வெறும் மத வெறி என்றால் களிமண் புத்தரை மட்டும் விட்டுவைப்பானேன்? அதை உருக்க முடியாது, அவ்வளவுதான்.

உங்கள் இருநூறு வருடத்தின் நடுவில் நடந்த பெரிய விஷயம் ஆன் லூஷான் என்ற படைத்தலைவர் தொடங்கிய கலகம், 755 முதல் 763 வரை. அதற்கு முன் அரசின் பதிவேட்டில் சுமார் 5 கோடியே 29 லட்சம் பேர் இருந்தார்கள். 760இல் 1 கோடியே 70 லட்சம்தான். மீதிப் பேர் எல்லாரும் செத்துவிடவில்லை. ஊரை விட்டு ஓடினார்கள், பதிவேடு அழிந்தது, பல மாகாணங்கள் கணக்குக் காட்டுவதையே நிறுத்திவிட்டன. வரி கட்டும் பெயர்கள் காணாமல் போன ராஜ்ஜியம் அது.

இந்த இடத்தில்தான் துறவிச் சான்றிதழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாங் காலத்தில் ஒருவர் தலையை மழித்துக்கொண்டால் மட்டும் துறவியாகிவிட முடியாது. சடங்குகளைக் கவனிக்கும் அரசு அலுவலகம் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது கையில் இருந்தால் வரி இல்லை, கட்டாய உழைப்பு இல்லை. இதன் விலை எவ்வளவு என்று யோசிக்க அரசுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கலகம் வந்து படைக்குப் பணம் முடை என்றதும் சான்றிதழை விற்க ஆரம்பித்துவிட்டார்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் சூத்திரம் ஓதினார்கள் என்பது புத்தருக்கே வெளிச்சம். இன்று கிடைத்த காசுக்காக நாளைய வரியை விற்றது அரசேதான். தொண்ணூறு வருடம் கழித்து அதே அரசு ‘உழாதவன் ஒருவன் இருந்தால் பசித்தவன் ஒருவன் இருப்பான்’ என்று பழமொழி சொல்லித் துறவிகளைத் திட்டுகிறது. எனக்கு இதில் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் வருகிறது.

கடைசியில் அரசே கொடுத்த கணக்கு இது: இடித்த பெரிய மடங்கள் 4,600, சிறியவை 40,000. இல்லறத்துக்குத் திருப்பப்பட்ட துறவிகள் 2,60,500 பேர். மட அடிமைகள் 1,50,000 பேர். இந்த இரண்டு கூட்டத்தையும் பற்றி ஆணை சொல்வது ஒன்றே: வரி கட்டும் குடிகளின் பதிவேட்டில் சேர்த்தாயிற்று.

நம் ஜப்பானியத் துறவியும் இந்த வலையில்தான் சிக்கினார். சீன அலுவலகத்தின் சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுத் துறவிகள் காவியைக் கழற்றிவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. அவர் இல்லறத்தார் உடை போட்டுக்கொண்டு, சேகரித்த ஏடுகளை மூட்டை கட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைக்கு நடந்தார். வழியில் சிலைகளின் பொன்தகட்டைச் சுரண்டி எடுப்பதையும், உடைத்த வெண்கலத்தை எடை போடுவதையும் பார்த்துப் புலம்பியிருக்கிறார். வடக்கே ஹெபெய்ப் பகுதியில் மட்டும் மடங்கள் தப்பின என்றும் அவரே எழுதுகிறார். அங்கே இருந்த படைத்தலைவர்கள் பெயருக்குத்தான் பேரரசரின் ஆட்கள். வரியே அனுப்பாதவர்கள் இந்த ஆணையை மட்டும் மதிப்பார்களா?

மற்ற அந்நிய மதங்களும் அடிபட்டன. பாரசீகத்தில் மானி என்பவர் தொடங்கிய மானி மதத்தை, சீனாவுக்கு வடக்கே புல்வெளியில் இருந்த உய்குர் அரசு ஆதரித்தது. தாங் அரசுக்கு உய்குர் குதிரைப்படை தேவைப்பட்டதால் அந்தக் கோயில்களை யாரும் தொடவில்லை. 840இல் உய்குர் அரசு விழுந்தது. 843இல் மானி கோயில்கள் மூடப்பட்டன. பாரசீகத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்களும் நெருப்பு வழிபாட்டினரும் 845இல் பௌத்தர்களோடு சேர்ந்து போனார்கள்.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்று. தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியாக 720 வாக்கில் சீனா போன பௌத்தத் துறவி வஜ்ரபோதியும் அவர் சீடர் அமோகவஜ்ரரும் இதே தாங் அரசவையில்தான் கொண்டாடப்பட்டார்கள். அமோகவஜ்ரர் மட்டும் மூன்று பேரரசர்களைப் பார்த்தவர். கலகத்தின்போது அரசைக் காக்க மந்திரச் சடங்கு செய்தவர் என்பதால் பட்டமும் பதவியும் குவிந்தன. ஆக, பிரியம் காட்டும்போதும் அரசு கணக்குப் பார்த்துத்தான் காட்டியது.

சான்றிதழ் விற்பனை தாங்கோடு முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோங் வம்சத்தில் அது ஏறக்குறைய பத்திரம் மாதிரி கைமாறியது. கவிஞர் சூ ஷி ஹாங்சோவில் அதிகாரியாக இருந்தபோது, 1090இல், மேற்கு ஏரியைத் தூர்வார அரசிடம் கேட்டது இந்தச் சான்றிதழ்களைத்தான். விற்றுக் கூலி கொடுக்கலாமே. தோண்டிய சேற்றில் எழுந்த கரை அவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது.

வூசோங் 846இல் செத்துப்போனார். முப்பத்தொரு வயது. மருந்துதான் கொன்றது என்பார்கள். அடுத்து வந்தது அவருடைய சித்தப்பா. வந்ததும் எல்லாவற்றையும் மாற்றினார். மடங்கள் திரும்பக் கட்டப்பட்டன.

நீங்கள் எப்போதாவது பழைய சீனக் காசு பார்த்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் சதுர ஓட்டை, அதை ஒட்டிச் சில காசுகளில், அடித்த ஊரின் பெயரிலிருந்து ஒற்றை எழுத்து: லுவோயாங் என்றால் ‘லுவோ’, குவாங்சோ என்றால் ‘குவாங்’. மடத்து வெண்கலத்தில் அடித்த 845ஆம் வருடத்துக் காசு என்றால் இப்படி ஊர் எழுத்து இருக்கும். அந்த எழுத்தே அதற்கு எமனாகவும் ஆயிற்று. எது சிலையாக இருந்த உலோகம் என்று பார்த்தவுடன் தெரிந்ததால், புது ஆட்சியில் அந்தக் காசுகளைப் பொறுக்கி எடுத்து, உருக்கி, மறுபடி புத்தர் சிலை வார்த்தார்கள்.