குரோம்பேட்டைக்கு ஒரு டிக்கெட்

கேள்வி: நம் பலவீனத்தை மறைக்காமல் வெளிப்படையாகச் சொல்வது வளர்ச்சிக்கு உண்மையிலேயே உதவுமா? உங்கள் அனுபவம் என்ன?

எனக்குத் திக்குவாய். 'க', 'ப' இரண்டும் வந்தால் தொண்டையில் தாழ்ப்பாள் விழுந்துவிடும்.

கல்லூரி நாட்களில் கிண்டியில் பஸ் ஏறி குரோம்பேட்டையில் இறங்க வேண்டும். கண்டக்டர் நெருங்க நெருங்க எனக்குள் ஒத்திகை நடக்கும். "எங்க தம்பி?" என்று அவர் கேட்டதும் 'கு' வராது. "தாம்பரம்" என்று சொல்லிவிடுவேன். 'த' எனக்குச் சுலபம். கூடக் காசு கொடுத்துத் தாம்பரத்துக்கு டிக்கெட் வாங்கி, குரோம்பேட்டையிலேயே இறங்கிக்கொள்வேன். பூரிக்கு ஆசைப்பட்டு தோசை தின்ற நாட்களுக்குக் கணக்கே இல்லை. இதில் வேடிக்கை, நான் திக்குவேன் என்பதே கூடப் படித்த பலருக்குத் தெரியாது. வார்த்தையை மாற்றிப் போட்டே ஒப்பேற்றினேன். அதிகம் பேசாத பையன் என்று நல்ல பெயர் வேறு.

வீட்டில் செய்யாத வைத்தியம் இல்லை. வசம்பை உரசி நாக்கில் தடவினார்கள். கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னார்கள். ஐந்து வயது வரை பேசாமல் இருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில்தான் வாய் திறந்து பாடினாராம். அம்மா என்னையும் அங்கே கூட்டிப்போனார். கடல் நன்றாக இருந்தது.

வேலை தேடும் காலத்தில்தான் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் போனேன். அவர் ஒரு பனிப்பாறையை வரைந்து காட்டினார். ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன உவமை அது, அவரும் திக்கியவர்தான். காதில் விழும் திக்கல், தண்ணீருக்கு மேலே தெரியும் நுனி. பயம், வெட்கம், குற்ற உணர்வு எல்லாம் அடியில். நான் இத்தனை நாள் நுனியை மறைக்கப் பாடுபட்டதில் அடிப்பாகம் கொழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

அப்புறம் வீட்டுப்பாடம் கொடுத்தார்: கடைக்குப் போய் வேண்டுமென்றே திக்கிப் பேச வேண்டும். சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சை நிபுணர் போன்றவர்கள் கையாண்ட பழைய பயிற்சிதான், அவரும் திக்கியவர். எனக்கோ பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இரண்டு நாள் கடை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள், நாலு பேர் நிற்கும்போது, "அண்ணாச்சி, ப... ப... பருப்பு அரைக் கிலோ" என்றேன். காது சுட்டது.

"துவரம்பருப்பா, பாசிப்பருப்பா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

அவ்வளவுதான். இதற்காகவா பதினைந்து வருஷம் பயந்தோம் என்று, கையில் பருப்போடு ரோட்டில் நின்று சிரித்தேன்.

எல்லா இடமும் அண்ணாச்சி கடையாக இருக்காது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு நேர்முகத் தேர்வில் உட்கார்ந்ததுமே, "எனக்குத் திக்கும்" என்றேன். "இந்த வேலைல நிறைய ஃபோன் பேசணுமே" என்று ஃபைலை மூடிவிட்டார்கள். ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. மூன்றாவது இடத்தில் வேலை கிடைத்தது.

இப்போது புது ஆட்களோடு மீட்டிங் என்றால் முதலிலேயே, "எனக்குக் கொஞ்சம் திக்கும். வாக்கியத்தை நீங்க முடிச்சுக் கொடுக்காதீங்க, நானே முடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னால் எதிரில் இருப்பவர் சங்கடப்படுவார். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது போலச் சொன்னால் கேட்டுக்கொள்வார். வெளிப்படை என்ற பெயரில் கண்டவரிடமெல்லாம் மனசைக் கொட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலைக்குத் தேவையான ஒரு வரி போதும்.

திக்கல் போய்விட்டதா என்றால், இல்லை. ஃபோனில் என் பெயரே வராது. போன வாரம் கூரியர்க்காரர் பெயர் கேட்டார். என்னிடமிருந்து காற்றுதான் வந்தது.

"சார், டவர் இல்லையா?"

"டவர் இருக்கு, எனக்குத்தான் தி... திக்கும்."

"சரி சார், மெதுவா சொல்லுங்க. கேட்லதான் நிக்கிறேன்."