மறுகோடியில் மட்டும் வண்டி தளர்கிறதா?

மோட்டாரைக் கழற்ற வேண்டாம். கன்ட்ரோலர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) பக்கம் நன்றாக ஓடும் உங்கள் ஹெச்ஓ அளவு மாதிரி ரயில் எஞ்சின் தண்டவாள வட்டத்தின் மறுகோடியில் மட்டும் தளர்கிறது என்றால், அங்கே போய்ச் சேரும் மின்னழுத்தம் குறைவு.

பெரும்பாலும் தண்டவாளத் துண்டுகளைக் கோக்கும் அந்தச் சின்ன உலோகக் கிளிப்புகள்தான் காரணம். நாளாக ஆகத் தளர்ந்து கறுத்துவிடும். ஒவ்வொன்றும் கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடும்.

மல்டிமீட்டரை டிசி வோல்டேஜில் வைத்து இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். வண்டி ஓடும்போதே அளக்க வேண்டும். சும்மா அளந்தால் இரண்டிலும் ஒரே அளவுதான் காட்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படித்தான் ஏமாந்தேன்.

வித்தியாசம் தெரிந்தால், மறுகோடியில் கன்ட்ரோலரிலிருந்து இன்னொரு ஜோடி வயரைப் பற்றவையுங்கள். உள் தண்டவாளத்துக்கும் வெளித் தண்டவாளத்துக்கும் வயர் மாறினால் ஷார்ட் ஆகிவிடும், ஜாக்கிரதை. அப்புறம், தண்டவாளத்தை உப்புக் காகிதத்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்தக் கீறல்களில்தான் அழுக்கு அடையும்.